அரைகுறையாக இருக்கும்போதே காட்டலாம்: டெவலப்பர் குழு பற்றி வாசகர் கேள்வி – பதில்

பாதி எழுதிய ஆப், இன்னும் பக் தீராத லைப்ரரி, முதல் லெவல் மட்டும் ஓடும் கேம் ஆகியவற்றைச் சக டெவலப்பர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க, இணையத்தில் ஒரு குழு தொடங்குவது பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். யாராவது தான் செய்துகொண்டிருக்கும் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டால் பத்தே நிமிடத்தில் வேறு பேச்சில் புதைந்துவிடுகிறது. டிஸ்கார்டு அரட்டைச் செயலிக்கு மாறலாமா? டிஸ்கோர்ஸ் என்ற ஃபோரம் மென்பொருளை நிறுவலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

மாறிவிடுங்கள். ஒரு வேலைக்கு ஓர் இழை என்ற ஏற்பாடு வாட்ஸ்அப் குழுவில் கிடையாது. ஜனவரியில் லாகின் பக்கத்தைக் காட்டியவர் மார்ச்சில் பில்லிங் பக்கத்தைக் காட்டும்போது, முன்பு யார் என்ன சொன்னார்கள், அதில் எதைத் திருத்தினார் என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரிகிறது. முன்பின் அறியாத நூறு பேருக்கு நம்பர் போகும் என்பதாலேயே பல பெண்கள் இத்தகைய குழுக்களில் சேர்வதில்லை. இந்த ஒரு காரணமே மாறுவதற்குப் போதும்.

டிஸ்கார்டில் சாதாரணச் சேனலை மட்டும் திறந்துவைத்தால் அது இன்னொரு வாட்ஸ்அப் ஆகிவிடும். சர்வர் செட்டிங்ஸில் கம்யூனிட்டி வசதியை இயக்கி, ஒரே ஒரு ஃபோரம் சேனல் திறங்கள். 2022 முதல் இந்த வகைச் சேனல் இருக்கிறது. ஒரு புராஜெக்டுக்கு ஒரு போஸ்ட். ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே போஸ்டின் கீழேதான் தொடர வேண்டும். டேக் போடாமல் போஸ்ட் போக முடியாதபடி வைத்துக்கொள்ளலாம். ‘யோசனை’, ‘ஓடுகிறது’, ‘உடைகிறது’, ‘வெளியீட்டுக்கு முன்’ என நிலையைச் சொல்லும் நான்கு டேக் போதும். ரியாக்ட், பைத்தான், கோடோ (Godot கேம் எஞ்சின்) என்று தொழில்நுட்ப வாரியாகத் தனித்தனிச் சேனல் திறப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். 140 பேர் பன்னிரண்டு சேனலில் பிரிந்தால் ஒவ்வொன்றும் காலியாகவே தெரியும். வந்து பார்ப்பவர் குழு செத்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார்.

டிஸ்கார்டின் குறை, உள்ளே பேசியது கூகுள் தேடலில் வராது என்பது. வருடக்கணக்கில் தேடி எடுக்க வேண்டிய நீண்ட பதிவுகள், மாற்றத்துக்கு முன்–பின் படங்கள் என்றால் டிஸ்கோர்ஸ் பொருத்தம். ஓர் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தை நாலைந்து பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்றால் ஸூலிப் என்ற அரட்டைச் செயலியைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழேதான் போகும். ஸ்லாக் அரட்டைச் செயலியின் இலவசத் திட்டம் 90 நாளுக்கு முந்தைய செய்திகளை மறைத்துவிடுவதால் இந்த வேலைக்கு ஆகாது. உங்கள் 140 பேரில் உண்மையாக எதையாவது செய்துகொண்டிருப்பவர்கள் முப்பது பேருக்குள் இருந்தால் டிஸ்கார்டிலேயே தொடங்குங்கள். பிறகு மாறிக்கொள்ளலாம்.

குழு தொடங்கினோம், ஆட்களும் சேர்ந்தார்கள். ஆனால் யாரும் தங்கள் வேலையைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள். எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.
— வாசகி, திருச்சி

முடிக்காத வேலையைக் காட்டுவது கூச்சமான காரியம். முதலில் காட்டிய ஒருவருக்குப் பதிலே வரவில்லை என்றால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் காட்டாமல் இருக்க முடிவுசெய்துவிடுவார்கள். எனவே உறுப்பினர் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். காட்டியவருக்கு 48 மணி நேரத்துக்குள், அந்த லிங்க்கை உண்மையிலேயே திறந்து பார்த்த ஒருவரிடமிருந்து பதில் போனதா என்பதை மட்டும் வாராவாரம் எண்ணுங்கள்.

அதற்கு முறை வைத்து ஆள் போட வேண்டும். வாரத்துக்கு இருவர், அவர்கள் வேலை, பதில் வராத போஸ்டைத் தேடிப் பதில் எழுதுவது அல்லது அந்த விஷயம் தெரிந்தவரை இழுத்து வருவது. டிஸ்கார்டில் ‘பதில் வேண்டும்’ என்று ஒரு டேக் வைத்து, பதில் வந்ததும் மாடரேட்டர் எடுத்துவிட்டால், மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். டிஸ்கோர்ஸ் தேடலில் பதிலே வராத பதிவுகளை மட்டும் வடிகட்டும் வசதி இருக்கிறது.

தொடக்கத்தில் பொது அழைப்பு விடாதீர்கள். ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரைத் தனித்தனியாக அழைத்து, மூன்று நான்கு வாரம் அவர்களுக்குள்ளேயே நடத்துங்கள். கதவைத் திறக்கும்போது உள்ளே பத்து அரைகுறைப் போஸ்டும் ஒவ்வொன்றுக்கும் உருப்படியான பதிலும் இருந்தால், புதிதாக வருபவருக்கு இங்கே எப்படி எழுதுவது என்று சொல்லித்தரவே வேண்டாம். பொறுப்பாளர்கள் முடித்துப் பாலிஷ் போட்ட வேலையை மட்டும் காட்டினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். உடைந்து கிடப்பதை முதலில் காட்ட வேண்டியவர்கள் பொறுப்பாளர்களே.

‘ஒன்றைக் காட்டுமுன் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும்’ என்று சில குழுக்கள் விதி வைக்கின்றன. கட்டாயமாக்கினால் ‘நல்லா இருக்கு’, ‘வாழ்த்துகள்’ என்று கணக்குக் காட்டும் பதில்கள்தான் குவியும். விதியாக வைக்காமல், பதில் எழுதியவர்களில் ஒருவரின் போஸ்டை அந்த வாரம் மேலே பின் செய்து வையுங்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது என்னதான் எழுதுவது? ‘இதுதான் என் ஆப், கருத்துச் சொல்லுங்கள்’ என்று போட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே. பார்ப்பவர் எங்கே தொடங்குவார்?

1991 ஆகஸ்ட் 25 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளப் பயனர்களின் யூஸ்நெட் (அக்கால இணைய விவாத மன்றம்) குழுவில் எழுதிய செய்தியை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். 386, 486 சிப் கொண்ட இயந்திரங்களுக்கு ஓர் இலவச இயங்குதளம் எழுதுவதாகச் சொன்னார். பாஷ் 1.08 (கமாண்ட் ஷெல்), ஜிசிசி 1.40 (கம்பைலர்) இரண்டும் அதில் ஓடுகின்றன என்றார். வேறு இயந்திரங்களுக்கு மாற்ற முடியாது, ஏடி வகை ஹார்டு டிஸ்க் தவிர வேறெதுவும் வேலை செய்யாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். என்ன செய்கிறேன், எது ஓடுகிறது, எது ஓடாது, உங்களிடம் என்ன வேண்டும். நான்கும் சில வரிகளில் அடங்கிவிட்டன.

நீண்ட காலம் ஒரே வேலையைக் காட்டிவருவதற்கு கேம் டெவலப்பர் லூக்கஸ் போப் நல்ல உதாரணம். ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஆப்ரா டின்’ என்ற கேமை 2014இல் தொடங்கி 2018இல் வெளியிடும்வரை கேம் டெவலப்பர்கள் கூடும் டிஐஜி சோர்ஸ் தளத்தில் தொடர்ந்து காட்டிவந்தார். அந்த கேமின் காட்சிகள் வெறும் கருப்பு–வெள்ளைப் புள்ளிகளால் ஆனவை. கேமராவைத் திருப்பினால் புள்ளிகள் திரையில் நீந்துவதுபோல் தெரிந்து கண்ணை உறுத்தின. இதை ‘சரிசெய்துவிட்டேன்’ என்று ஒரு வரியில் முடிக்காமல், சிக்கலைப் படத்தோடு காட்டி, முயன்றும் சரிவராத வழிகளைக் காட்டி, கடைசியில் புள்ளிகளின் வடிவத்தைக் கேமராவைச் சுற்றிய ஒரு கோளத்தின் மேல் ஒட்டவைத்ததை விளக்கினார். சரிவராத வழியைக் காட்டுவதால் பின்னால் வருபவருக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

நீங்கள் எழுதும்போது கேள்வியைச் சுருக்குங்கள். ‘என் கடைக் கணக்கு ஆப் எப்படி இருக்கிறது?’ என்பதைவிட, ‘புதிய பில் போடும் திரையில் முதல் முறை பார்ப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று புரிகிறதா? நிறங்களைப் பற்றி இப்போது சொல்ல வேண்டாம், அவை தற்காலிகம்’ என்று கேட்டால் பதில் வரும். எதைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்பதையும் எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றியே பேசுவார்கள், ஏனென்றால் அதுதான் எளிது.

கோடாகவே காட்டுவதாக இருந்தால் கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் டிராஃப்ட் புல் ரிக்வெஸ்டாக (கோடைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோளின் வரைவாக) திறங்கள். 2019இல் வந்த வசதி இது. தயார் என்று நீங்கள் குறிக்கும்வரை யாரும் மெர்ஜ் செய்ய முடியாது. பொறுப்பாளர்களுக்கு ரிவ்யூ வேண்டுகோளும் தானாகப் போகாது.

வரும் பதில்கள் ஒன்று ‘சூப்பர் ப்ரோ’, இல்லையென்றால் ஆளையே கிழிப்பது. நடுவில் ஒன்றும் இல்லை.
— வாசகர், மதுரை

பதிலுக்கும் ஒரு வடிவம் கொடுங்கள்: எந்தக் கருவி, என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன எதிர்பார்த்தேன். ‘யூஐ சரியில்லை’ என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. இதைப் பாருங்கள்: ‘ஆண்ட்ராய்டு 12, குரோம், மொபைல் டேட்டா. தொகையை டைப் செய்ததும் கீபோர்டு சேமி பட்டனைப் பாதி மறைக்கிறது. அழுத்தியபின் மூன்று வினாடி ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி அழுத்தினேன். பட்டியலில் ஒரே பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது.’ இதில் இரண்டு பக் இருக்கின்றன. முதல் அழுத்திலேயே பட்டனை முடக்கினால் மட்டும் இரண்டாவது தீராது. ஒவ்வொரு பில்லுக்கும் ஆப்பிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் இருக்க வேண்டும். நெட் மெதுவாக இருக்கும் ஒருவர் பொறுமையாக எழுதிய நான்கு வரியால் கிடைத்த திருத்தம் இது. இத்தகைய பதில்களை எடுத்துப் பின் செய்யுங்கள்; பத்து விதிமுறைகளை எழுதிவைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

கிழிப்பவர்களைப் பொறுத்தவரை, கோடைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் பேசலாம், எழுதியவரைப் பற்றிப் பேசக் கூடாது என்ற ஒரே விதி போதும். மீறினால் முதல் முறை தனிச் செய்தியில் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒரு வாரம் முடக்குங்கள். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி. அவர் ஒருவருடைய திறமைக்காகப் புதியவர்கள் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

என் கேமை டெஸ்ட் செய்து பாருங்கள் என்று ஒரு ஜிப் ஃபைல் வந்தது. திறந்த உறுப்பினருடைய டிஸ்கார்டு கணக்கே பறிபோய்விட்டது. இனி எப்படி ஒருவருக்கொருவர் பில்ட் (ஓட்டிப் பார்க்கும்படி தொகுத்த ஃபைல்) பகிர்வது?
— வாசகி, சென்னை

உலகெங்கும் டெவலப்பர் குழுக்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. பறிபோன கணக்கிலிருந்தே அடுத்தவருக்குச் செய்தி போவதால், தெரிந்தவர் அனுப்பியதாகவே தோன்றும். உள்ளே இருக்கும் நிரல் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் டோக்கன்களையும் அள்ளிக்கொண்டு போகும். டோக்கன் கையில் கிடைத்தால் ஓடிபி கேட்காமலேயே உள்ளே நுழையலாம் என்பதால் இரு கட்டப் பாதுகாப்பும் இதில் காப்பாற்றாது. பாதிக்கப்பட்டவர் சுத்தமான வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். டிஸ்கார்டில் மாற்றினால் பழைய டோக்கன் செல்லாமல் போகும். கூகுள் போன்ற மற்றக் கணக்குகளில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற வேண்டும். அந்தக் கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

இனிமேலுக்கு: தனிச் செய்தியில் பில்ட் அனுப்பக் கூடாது, பொதுப் போஸ்டில் மட்டுமே. பாஸ்வேர்டு போட்ட ஜிப் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. வைரஸ் ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாதபடி செய்யவே அந்தப் பாஸ்வேர்டு. கேமாக இருந்தால் பிரவுசரிலேயே ஓடும் பில்டாக இட்ச் (itch.io) தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். யூனிட்டி, கோடோ இரண்டிலும் அப்படி எடுக்கலாம். வெப் ஆப் என்றால் டெமோ லிங்க் போதும். இஎக்ஸ்இ ஃபைலாகவே பார்த்தாக வேண்டும் என்றால் விண்டோஸ் புரோவில் உள்ள சாண்ட்பாக்ஸில் திறந்து பாருங்கள். மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். ஃபைலில் வைரஸ் உண்டா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் பகிரப்படும். வெளியிடாத பில்டை உரியவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். கம்பெனி வேலையைக் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள்.
— வாசகர், பெங்களூரு

கம்பெனி வேலையைக் காட்டக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு இருக்கும். சில ஒப்பந்தங்கள் வீட்டில் எழுதும் கோடுக்கும் உரிமை கோரும். சொந்தப் புராஜெக்டைக் காட்டுமுன் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பு வகையில் வருகிறது. எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் அது எழுதிய கோடுக்குத்தான், ஐடியாவுக்கு அல்ல. பேட்டன்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பொதுவில் காட்டுமுன் விண்ணப்பியுங்கள். முன்பே வெளியிட்டது புதுமை அல்ல என்று விண்ணப்பம் அடிபடலாம். கிட்ஹப்பில் லைசென்ஸ் ஃபைல் இல்லாமல் போட்ட கோடை மற்றவர் பார்க்கலாம், தன் புராஜெக்டில் எடுத்துப் பயன்படுத்த உரிமை இல்லை. கைகொடுக்க ஆள் வேண்டும் என்றால் எம்ஐடி, ஜிபிஎல் போன்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் ஒன்றைப் போடுங்கள்.

ஐடியா திருட்டைவிட நடைமுறையில் அடிக்கடி நடப்பது ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) வெளியே போவது. கீயை அழித்துப் புதிய கமிட் (மாற்றப் பதிவு) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், ஃபோர்க் (நகல்) எடுத்தவரிடமும் இருக்கும். பொது ரிப்போக்களில் கீ தேடிக்கொண்டே இருக்கும் பாட்கள் உண்டு. எனவே முதல் வேலை, கீ கொடுத்த இடத்துக்குப் போய் அதை ரத்துசெய்வது. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான்.

ஸ்கிரீன்ஷாட்டிலும் கவனம் வேண்டும். எழுத்தைக் கட்டம்கட்டமாக மங்கலாக்கினால் திரும்ப எடுக்க வழி இருக்கிறது. கருப்புப் பெட்டி போட்டு மூடி, படத்தைப் புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். வெட்டிய படத்தையும் முழுதாக நம்ப முடியாது. 2023இல் பிக்சல் போன்களின் எடிட்டரிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் கருவியிலும், வெட்டி எறிந்த பகுதியின் தரவு ஃபைலுக்குள்ளேயே கிடந்தது தெரியவந்து திருத்தப்பட்டது. எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது டம்மி டேட்டாவை வைத்துப் படம் எடுப்பது.

டிஸ்கோர்ஸை நாங்களே சர்வரில் நிறுவினோம். பதிவுசெய்பவர்களுக்கு மெயிலே போகவில்லை. போனவர்களும் முதல் பதிவு போட முடியவில்லை என்கிறார்கள்.
— வாசகர், சேலம்

இரண்டும் தனித்தனிச் சிக்கல். முதலாவது, பல கிளவுட் நிறுவனங்கள் ஸ்பேம் பயத்தால் 25ஆம் போர்ட்டில் வெளியே போகும் மெயிலை அடைத்துவைக்கின்றன. சில இடங்களில் 465, 587ம் அடைபட்டிருக்கும். சொந்தமாக மெயில் சர்வர் வைக்க முயலாதீர்கள். மெயில் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்குத் திறந்து 587 போர்ட்டைப் போடுங்கள், அது அடைபட்டிருந்தால் 2525. பெரும்பாலான சேவைகள் இரண்டையும் தருகின்றன. அடுத்து டொமைனின் டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனுடையது என்று காட்டுபவை) இரண்டையும் சேருங்கள். இவை இல்லாவிட்டால் மெயில் போகும், ஆனால் ஸ்பேம் பெட்டியில் விழும். அனுப்புநர் முகவரி அதே டொமைனில் இருக்க வேண்டும். அட்மின் பகுதியில் மெயில் பதிவேட்டைத் திறந்தால் எது போனது, எது தவிர்க்கப்பட்டது, எது திரும்பி வந்தது என்று தனித்தனியாகத் தெரியும்.

இரண்டாவது, புதிய உறுப்பினருக்கு டிஸ்கோர்ஸ் வைக்கும் இயல்பான வரம்புகள். முதல் பதிவில் ஒரு படம், இரண்டு லிங்க்தான் போடலாம், ஃபைல் இணைக்கவே முடியாது. மற்றக் குழுக்களுக்கு இது சரி. உங்கள் குழுவிலோ புதிதாக வருபவர் முன்–பின் படங்களோடு வருகிறார். படத்தை ஐந்தாகவும் லிங்க்கை நான்காகவும் உயர்த்துங்கள். இன்னொரு கண்ணுக்குத் தெரியாத வரம்பும் உண்டு: முதல் பதிவை 3 வினாடிக்கும் குறைவாக டைப் செய்ததாகத் தெரிந்தால் அது மாடரேட்டர் அனுமதிக்குப் போய்விடும். வேறு இடத்தில் எழுதி அப்படியே ஒட்டுபவர்கள் இதில் மாட்டுவார்கள். ரிவ்யூ வரிசையைத் தினம் ஒருமுறை பாருங்கள்.

ரேம் 1 ஜிபி இருந்தால் நிறுவலாம், ஆனால் ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இல்லாமல் அப்டேட் பாதியில் நின்றுபோகும். 2 ஜிபி எடுப்பது நிம்மதி. பேக்கப் இயல்பாக அதே சர்வரில்தான் சேரும். சர்வர் போனால் பேக்கப்பும் போகும். வெளியே ஒரு சேமிப்பிடத்துக்கு அனுப்பும்படி மாற்றி, ஒருமுறை வேறொரு சர்வரில் அதை மீட்டெடுத்தும் பாருங்கள்.

டிஸ்கார்டில் வீடியோ ஏறவில்லை.
— வாசகர், ஈரோடு

இலவசக் கணக்கில் ஒரு ஃபைலுக்கு 10 எம்பிதான். 10 எம்பி என்பது 80 மெகாபிட். 20 வினாடி வீடியோவுக்கு வினாடிக்கு 4 மெகாபிட் வரும். ஓரம் விட்டு 3.5 வைத்து, ஒலியை நீக்கி, எம்பி4 ஆக எடுங்கள். ஜிஃப் வேண்டாம், அதே காட்சிக்குப் பல மடங்கு இடம் பிடிக்கும். 20 வினாடிக்கு மேல் காட்ட வேண்டியிருந்தால் அதே போஸ்டின் கீழ் இரண்டு செய்தியாகப் பிரிக்க வேண்டிய விஷயமாக இருக்கும்.

தமிழில் எழுதச் சொல்லலாமா, ஆங்கிலத்திலா?
— வாசகி, விழுப்புரம்

தமிழில் பேசட்டும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் இணையத்தில் தமிழிலேயே கூடித் தொழில்நுட்பம் பேசிவருகிறது. எரர் மெசேஜை மட்டும் மொழிபெயர்க்காமல், போட்டோவும் எடுக்காமல், எழுத்தாகவே ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அதே எரர் வந்தவர் அந்த வரியைத் தேடித்தான் உள்ளே வருவார்.

குழுவைத் தொடங்கிய நண்பருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. எல்லாம் அவர் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், திருநெல்வேலி

அவர் கிளம்புமுன் செய்துவிடுங்கள். டிஸ்கார்டு சர்வருக்கு உரிமையாளர் ஒருவர்தான். அட்மின் பொறுப்பு இருந்தாலும் உரிமையாளரை உங்களால் மாற்ற முடியாது, அவரேதான் மாற்றித்தர வேண்டும். டொமைன் யார் கணக்கில் இருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், எந்தக் கார்டிலிருந்து பணம் போகிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். மெயில் சேவை, சர்வர், பேக்கப் சேமிப்பிடம் மூன்றிலும் இன்னொருவரையும் அட்மினாகச் சேருங்கள். இரு கட்டப் பாதுகாப்புக்கான மீட்புக் குறியீடுகள் அவருடைய போனில் மட்டும் இருந்தால், போன் மாறும் அன்று வாசலிலேயே நிற்பீர்கள். அச்செடுத்து இருவர் வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் முடிந்தபின் அவரையும் உறுப்பினராகவே வைத்திருங்கள். அவர் அங்கே போய்ச் செய்யும் வேலையையும் இங்கேதான் காட்ட வேண்டும்.